சுபா வாசித்துக் காட்டிய வரிகள்

கலைமதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்து யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவாள். கம்ப்யூட்டரிடம் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. அது சொல்வதை நாலு விதமாகச் சோதித்துப் பார்க்காமல் ஏற்கவே மாட்டாள். இதை அப்படியே தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் திருச்சி கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். பக்கத்து பிளாக்கில் குடியிருந்தவள் சுபலட்சுமி. இருவருக்கும் ஒரே ஸ்கூல், போக வர ஒரே சைக்கிள். போகும்போது ஒருத்தி மிதித்தால் வரும்போது மற்றவள் மிதிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் சுபா வரும் வழியையே தனக்கென்று எடுத்துக்கொண்டாள். வரும் வழி இறக்கம். கலைமதிக்கு அது காலேஜ் படிக்கும்போதுதான் உறைத்தது. உறைத்தபோதும் சிரித்துக்கொண்டாளே தவிரக் கோபப்படவில்லை.

பிறகு கல்யாணமாகி பெங்களூர் போனாள். அங்கே கம்ப்யூட்டர் வேலையும் கற்றாள், புருஷனிடம் அடியும் வாங்கினாள். ஒருநாள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, அனுசரித்துப் போகச் சொன்னார்கள். பெற்ற அப்பாவே பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் பெரியப்பா மகன் சின்னையா மட்டும் எழுந்தார். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர். "அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. திரும்ப அனுப்ப முடியாது. இதுக்கு மேல யாரும் பேச வேணாம்," என்றார். யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து கலைமதிக்கு உலகத்தில் யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை, சின்னையா மாமா ஒருவர் தன்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

திருச்சியில் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது சுபாதான். எடமலைப்பட்டி புதூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனி அது. முதலாளி ஆஸ்டின். அரிசி மில்களுக்கான கலர் சார்ட்டர் மெஷின் செய்கிறவர். மேலேயிருந்து அரிசி அருவி மாதிரி விழும், கேமரா பார்க்கும், கறுப்பரிசியோ கல்லோ தெரிந்த மாத்திரத்தில் காற்று ஊதி அதைத் தனியே தள்ளிவிடும். கண் இமைக்கிற நேரம் எல்லாம் அதற்கு ரொம்ப அதிகம்.

மெஷினின் மூளையைக் கலைமதி ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். பெங்களூரில் கற்றுக்கொண்டது. அந்த மொழியில் ஒன்றுக்கு ஒரு மதிப்பை வைத்துவிட்டால் வைத்ததுதான். யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து மாற்ற முடியாது. வீட்டில் கிடைக்காத நிம்மதி அவளுக்கு அங்கே கிடைத்தது. பொன்னிக்கு ஒரு விதி, இட்லி அரிசிக்கு ஒரு விதி என்று எழுதிக்கொண்டே போகலாம், ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது. ஆனால் கேமராவுக்கு அந்த மொழி புரியாது. கேமராவைத் தொடும் வேலை முழுக்க சி மொழியில். அதை எழுதியவள் சுபா. சி மொழியில் யாரும் எதையும் எப்போதும் மாற்றலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதில்தான் கலைமதியின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருந்தது. ஹாஸ்கெலிலிருந்து ஒரு சி ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கென்று சி மொழியில் எழுதி வைத்த சின்னத் துண்டை, கூப்பிட இரண்டு வழி உண்டு. வீட்டில் ஒரே ஒரு சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிறவள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, சொல்லிவிட்டுப் போவது ஒரு வழி. நேரம் பிடிக்கும், ஆனால் அவள் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் மற்றவர்கள் பாட்டுக்குப் புழங்கலாம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிட்டு வருவது மற்ற வழி. அதில் நேரமே ஆகாது. ஆனால் போனவள் அங்கே யாரோடாவது பேச்சுக் கொடுத்து நின்றுவிட்டால் வீடு மொத்தமும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை கேமராவைக் கூப்பிட வேண்டிய மெஷினுக்கு முதல் வழி கட்டுப்படியாகாது. ஓட்டமாக ஓடி வருகிற வழியைத்தான் போட வேண்டும். அப்படிப் போடுவதற்கு, கூப்பிடப்படுகிற ஃபங்ஷன் எங்கேயும் நிற்காது, எதற்கும் காத்திருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹாஸ்கெல் அதைச் சரிபார்க்காது. எழுதுகிறவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

அதற்காகத் தோழிகள் இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சுபா தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு கலைமதியின் மேஜைக்கு வந்து, தான் எழுதிய ஃபங்ஷனை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசிப்பாள். வாசித்து முடித்து, "எங்கயும் நிக்காதுடி. போடு," என்பாள். கலைமதி போடுவாள். அதற்குப் பிறகு சுபாவின் கோப்பை அவள் திறந்து பார்த்ததே இல்லை. தோழி வாசித்துக் காட்டியதைத் திறந்து பார்ப்பது, அவள் கைப்பையைத் திறந்து பார்ப்பது போல அசிங்கமான காரியம் என்று நினைத்தாள். வேறு எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் நடக்காது. ஆனால் வேறு எந்தக் கம்பெனியிலும் ஒரே சைக்கிளில் ஸ்கூலுக்குப் போன இரண்டு பேர் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள்.

முதல் மெஷினை யார் தலையில் கட்டுவது என்று ஆஸ்டின் யோசித்தபோது, கலைமதி மாமாவிடம் போனாள். "நான் எழுதினது மாமா. என்னை நம்பி வைங்க," என்றாள். அவர் விலை கேட்பதற்கு முன்னாலேயே இடத்தைக் காட்டிவிட்டார்.

ஒரு வருஷம் மெஷின் ஒழுங்காக ஓடியது. அக்கம்பக்கத்து மில்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னையா ஒவ்வொருவரிடமும், "என் தங்கச்சி பொண்ணு பண்ணுனது," என்றார்.

தை அறுவடை நெல் வந்து குவிந்த நேரத்தில் வந்தது வினை. ஒரு காலையில் சின்னையா மருந்துக் கடைப் படியேறி மேலே வந்தார். கையில் துணிப்பை. நேரே போய்ப் பையை ஆஸ்டினின் மேஜைமேல் கவிழ்த்தார். வெள்ளை வெளேர் என்று பொன்னி அரிசி, நடுநடுவே கறுப்பரிசியும் குட்டிக் குட்டிக் கல்லும்.

"இது நம்ம மெஷின்ல சலிச்சு வந்த அரிசிங்க. கேரளாவுக்குப் போன லோடு முழுக்க இப்படி. திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க மில் மூட்டை திரும்பி வந்ததில்ல," என்றார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் குரலில் இருந்தது. "மெஷின் திடீர்னு அப்படியே நின்னுடுதாம். ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுதாம். நிக்கிற நேரத்துல விழுற அரிசியெல்லாம் அப்படியே மூட்டைக்குப் போவுது."

ஆஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு சுபாவைப் பார்த்தார். சுபா மேஜைமேல் சிதறிய அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கேமராவைக் கூப்பிடுற எடத்துல ஒரு வரி இருக்கு சார். அதுல கொஞ்சம் ரிஸ்க் உண்டு. கூப்பிட்டது நின்னா எல்லாமே நின்னுடும். அந்த வரியை எழுதினது கலைதான்."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. கலைமதிக்கு அந்த நேரத்தில் தோழிமேல் துளி சந்தேகமும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தான்தான் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்து அவளுக்கு உடம்பே கூசியது. "நான் வந்து பாக்குறேன் மாமா," என்றாள். சின்னையா அவளைப் பார்த்தார், தலையாட்டினார், அரிசியை அள்ளாமல் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே மண்ணச்சநல்லூர் போய் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தவிட்டுத் தூசி தலையெல்லாம் படிந்தது. மத்தியானம் வரை மெஷின் சமர்த்தாக ஓடியது. அப்புறம் கரண்ட் போனது. மில்லில் ஜெனரேட்டர் உண்டு, உடனே பிடித்துக்கொண்டது. விளக்கு எரிந்தது, அரவை ஓடியது, சார்ட்டரின் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் காற்று ஊதும் டக்டக் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. கறுப்பரிசி வெள்ளரிசியோடு கைகோத்துக்கொண்டு கீழே இறங்கியது.

அவள் எழுந்து மில் முழுக்கச் சுற்றினாள். எல்லாமே ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் அணைந்திருந்தது. கணக்கு எழுதும் அறையில் இருந்த இன்டர்நெட் பெட்டி. அதற்கு ஜெனரேட்டர் லைன் கொடுக்கவில்லை. கரண்ட் வந்து பெட்டி கண் விழித்ததும் சார்ட்டர் மறுபடி டக்டக் என்று ஊதத் தொடங்கியது. அவள் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். சார்ட்டர் நின்றது. செருகினாள். ஓடியது.

அரிசியில் கறுப்புப் பொறுக்குகிற மெஷினுக்கு இன்டர்நெட் எதற்கு?

லேப்டாப்பை மடியில் வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுபாவின் கோப்பைத் திறந்தாள். பார்த்து முடித்த படத்தைக் கேமராவிடம் திருப்பிக் கொடுக்கிற சின்ன ஃபங்ஷன் அது. சுபா வாசித்துக் காட்டியபோது நாலே வரி. இப்போது நடுவில் ஒரு கத்தை வரிகள் புதிதாக முளைத்திருந்தன. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அரிசிப் படத்தை நகல் எடுத்து, இன்டர்நெட் வழியாக எடமலைப்பட்டி புதூர் ஆபீசுக்கு அனுப்பு, போய்ச் சேரும் வரை காத்திரு. எழுதியிருந்த தினுசே சுபாவைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு அடைப்புக்குறிக்கு முன்னாலும் ஒரு வரி காலியாக விடுவது அவள் ஒருத்திதான்.

கலைமதிக்கு விளங்கிவிட்டது. புது மெஷினைப் பழக்குவதற்கு மில்களிலிருந்து அரிசிப் படங்கள் வேண்டும் என்று ஆஸ்டின் ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தார். மில்காரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தியவள் அவள்தான். நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டும் இருந்தாள். தோழியை வைத்தே பின்வாசல் திறந்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். மேஜைமேல் அரிசி கொட்டிக் கிடந்தபோது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அந்த அறையில் நன்றாகத் தெரிந்தவள் சுபா. தெரிந்துகொண்டேதான் விரலை இந்தப் பக்கம் நீட்டினாள். கலைமதி லேப்டாப்பை மூடினாள்.

அன்று சாயங்காலமே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சுபாவின் ஃபிளாட். சுபா கதவைத் திறந்தவள், தவிடு படிந்த தலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு வழிவிட்டாள். காபி கலந்து எடுத்து வந்தாள். கலைமதி டம்ளரைத் தொடவில்லை.

"ஃபைலைப் பாத்துட்டேன்," என்றாள்.

சுபா எதிரே உட்கார்ந்தாள். "ஆஸ்டின் சார் சொன்னாருடி. உன்கிட்ட சொன்னா வேணாம்பேன்னாரு. புது மெஷினுக்கு என்னைத்தான் ஹெட்டாப் போடப்போறாங்க. இந்த வயசுல இதை விட்டா எனக்கு வேற எங்க கெடைக்கும் சொல்லு."

"சேத்தப்போ வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல? நான் அந்த வரியை மாத்தியிருப்பேனே."

"வாசிச்சா தெரிஞ்சிடுமே."

"சரி. மாமா வந்து நின்னப்போ? அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமேடி. என் பேரைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

சுபா அழுதாள். நன்றாகவே அழுதாள். மூக்கு சிவந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் பரீட்சை மார்க் குறைந்தபோது அழுத அதே அழுகை. அதைப் பார்த்ததும் கலைமதிக்கு மனசு இளகியது. பாழாய்ப்போன மனசு.

"நானே சொல்லிடறேன் கலை. நாளைக்கு ஞாயித்துக்கெழம. நானே மண்ணச்சநல்லூர் போயி மாமா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. இப்ப நான் என் வரியை எடுத்தா படம் வரலைன்னு ஆஸ்டினுக்கு உடனே தெரிஞ்சிடும், என்னை மாமாகிட்டயே போக விடமாட்டாரு. நீ உன் வரியை மட்டும் நிதானமான வழிக்கு மாத்திடு. என்னுது நின்னாலும் மத்ததெல்லாம் ஓடும்ல? அறுவடை நேரம், பாவம், மாமா மில்லு ஓடட்டும்."

சொன்னது அத்தனையும் சரி. அந்த ஃபங்ஷன் ஒன்றை மட்டும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற நிதானமான வழியில் கூப்பிட்டால் அது ஓரமாக நின்று இன்டர்நெட்டுக்குக் காத்திருக்கும், மற்ற வேலைகள் பாட்டுக்கு நடக்கும். வேகம் ஒரு சுற்றுக் குறையும், அவ்வளவுதான். மாமாவின் மூட்டை இனித் திரும்பி வராது.

"சத்தியமா சொல்லுவியா?"

"உன் தலைமேல சத்தியம்டி."

கலைமதி நம்பினாள். வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிய கையோடு அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, மெஷினுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மண்ணச்சநல்லூருக்குப் போனாள். பஸ் கொள்ளிடம் பாலம் தாண்டும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. சுபாமேல் இருந்த ஆத்திரம்கூடப் பாதி வடிந்திருந்தது. சொல்லிவிட்டாள் அல்லவா, அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிக்கொண்டாள்.

மில்லில் சார்ட்டர் டக்டக் என்று ஊதிக்கொண்டிருந்தது. சின்னையா அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தபடி நின்றார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. ஓடுது பாரு. ஒரு கறுப்பு இல்ல."

"சுபா வந்தாளா மாமா?"

"நேத்தே வந்துச்சு. ரொம்ப நேரம் இருந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிச்சு."

"அவமேல கோவப்படாதீங்க மாமா," என்றாள் கலைமதி. மனதாரத்தான் சொன்னாள்.

சின்னையா புரியாமல் பார்த்தார். "அதுமேல எனக்கென்னம்மா கோவம்? உனக்காக வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போவுது. 'கலை வேணும்னு பண்ணல, அவ வரியை அவளே மாத்திட்டா, இனிமே நிக்காது, அவளை ஒண்ணும் கேக்காதீங்க'ன்னு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொல்லிச்சு. அந்த மாதிரி ஒரு சிநேகிதி கெடைக்கணும்மா."

மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தாள். நன்றாகத்தான் கேட்டிருந்தது. பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். சுபா சேர்த்த வரிகள், திருட்டுத்தனமாகப் போகும் படங்கள், கரண்ட் போனபோது நடந்தது, ஸ்ரீரங்கத்தில் செய்த சத்தியம். பேசப் பேசத் தன் குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே தெரிந்தது, அடக்க முடியவில்லை. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலையைப் பார்க்கும்படி சின்னையா அவர்களுக்குக் கையசைத்தார்.

"நம்பலையா மாமா? இப்பவே காட்டுறேன் பாருங்க." கணக்கு அறைக்கு ஓடி இன்டர்நெட் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

சார்ட்டர் நிற்கவில்லை. டக்டக் என்று ஊதிக்கொண்டே இருந்தது. நிற்காதபடி செய்தவள் அவள்தானே. சனிக்கிழமை ராத்திரி, தன் கையால், தோழி கேட்டுக்கொண்டபடி.

"இருங்க மாமா, பழையபடி மாத்தி ஓட்டிக் காட்டுறேன். நிக்கும், கண்டிப்பா நிக்கும்." லேப்டாப்பை எடுத்தாள்.

சின்னையா அதன்மேல் கையை வைத்து மெல்ல மூடினார். "வேணாம்மா. ஓடுறதைத் தொடாதே." அவர் குரலில் கடுமையே இல்லை. கடுமை இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். "நீ வந்து இப்படித்தான் சொல்லுவேன்னு சுபா சொல்லிச்சு. எல்லாரும் சேந்து பழி போடுறாங்கன்னு சொல்லுவா, கத்துவா, மனசுல வச்சுக்காதீங்க மாமான்னு சொல்லிச்சு. டாக்டர்கிட்ட போயிட்டிருக்கியாமே? தூக்கம் வரலைன்னு மாத்திரை தராங்களாமே? எங்ககிட்ட ஏம்மா மறைச்சே?"

பெங்களூர்க் கதை கனவில் வந்து எழுப்பிவிடுகிறது என்று தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் கலைமதி போய்க்கொண்டிருந்தது உண்மை. பெற்ற அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சுபாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இனி எதைச் சொன்னாலும் அது மாத்திரை சாப்பிடுகிறவளின் பேச்சு. எவ்வளவு சத்தியமாகச் சொல்கிறாளோ அவ்வளவுக்குச் சுபா சொன்னது மெய்யாகும்.  கையில் இருந்த வயரை என்ன செய்வது என்று கலைமதிக்குத் தெரியவில்லை. சின்னையா அதை வாங்கித் தன் ஆளிடம் கொடுத்துச் செருகச் சொன்னார்.

பிறகு பெற்ற மகளைப் போல அவள் தலையில் படிந்திருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"வேலையெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதேம்மா."

"சரி மாமா," என்றாள் கலைமதி.